விண்ணைக் காட்டும் கண்ணாடி

முகம் பார்க்கும் கண்ணாடி இல்லாத வீடு இன்று அரிது. சுவரில் மாட்டிவைத்துத் தலை வாருவதற்கும் பொட்டு இடுவதற்கும் அதனைப் பயன்படுத்துகிறோம். அதில் சிறிது நெளிவு இருந்தால் முகம் சற்றுக் கோணலாகத் தெரியும். அதற்காக எவரும் பெரிதும் வருந்துவதில்லை. ஆனால், மனிதன் தன் முகத்தைப் பார்த்த கண்ணாடியில் விண்மீன்களைப் பார்க்கத் தொடங்கியபொழுது, அந்தச் சிறு நெளிவே அவனுக்குப் பெரும் பகையாயிற்று. ஏறத்தாழ 350 ஆண்டுகளாக அப்பகையை வெல்ல அவன் செய்துவரும் முயற்சியின் வரலாற்றை மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தொலைநோக்கி என்றவுடன் பலருடைய மனத்தில் ஒரு குழலும் அதன் முனையில் ஒரு லென்சும் தோன்றும். கலிலியோ வானை நோக்கியது அத்தகைய கருவியைக் கொண்டுதான். ஆயினும் லென்சுக்குச் சில குறைகள் உண்டு. ஒளி அதனை ஊடுருவிச் செல்வதால் கண்ணாடியின் உட்பகுதி முழுவதும் மாசற்றிருக்க வேண்டும். விளிம்பில் மட்டுமே அதனைப் பிடித்துத் தாங்க இயலும். மிகப் பெரிதாகச் செய்தால் தன் பளுவினாலேயே அது வளைந்துவிடும். தனி லென்சு எல்லா நிறங்களையும் ஒரே இடத்தில் குவிப்பதும் இல்லை. 1897-இல் அமெரிக்காவின் யெர்க்கீசு வானாய்வகத்தில் 40 அங்குல லென்சுத் தொலைநோக்கி ஒன்று அமைந்தது. அதனினும் பெரிய லென்சுத் தொலைநோக்கி எதுவும் வானாய்வில் நிலைபெறவில்லை. குழிந்த கண்ணாடிக்கு இத்தொல்லைகள் இல்லை. ஒளி அதன் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடுகிறது. பின்புறம் முழுவதும் அதற்குத் தாங்கு கொடுக்கலாம். ஆதலால்தான் உலகின் பெருந்தொலைநோக்கிகள் யாவும் குழியாடிகளைக் கொண்டே ஒளியைத் திரட்டுகின்றன.

அந்தக் குழியாடியின் மேற்பரப்பு எவ்வளவு செம்மையாக இருத்தல் வேண்டும்? நாம் காணும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 2,000-இல் ஒரு பங்கு. ஆடியின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் திரும்பும் ஒளியலைகள், முகட்டோடு முகடு பொருந்துமாறு ஓரிடத்தில் வந்து சேர்ந்தால்தான் விண்மீன் தெளிவான புள்ளியாகத் தெரியும். பரப்பில் ஓரிடத்தில் பள்ளம் இருந்தால், ஒளி அதில் இறங்கவும் திரும்பி ஏறவும் வேண்டும். ஆகவே பள்ளத்தின் ஆழத்தைப்போல் இரு மடங்கு பிழை விளையும். இக்காரணத்தால் ஆடியின் மேடுபள்ளம் அலைநீளத்தின் எட்டில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது ஒரு பொது விதி. அமெரிக்காவின் பாலொமர் மலையிலுள்ள 200 அங்குல ஆடியில், பிழை ஓர் அங்குலத்தைப் பத்து லட்சம் பங்கிட்டால் அதில் இரண்டு பங்கு என்னும் அளவில் அடக்கப்பட்டது. 700 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு சமவெளியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்தப் பரப்பு முழுவதிலும் ஒரு நெல்மணியின் நீளத்தினும் உயர்ந்த மேடு இருத்தலாகாது என்பதற்கு அது ஒப்பாகும்.

இத்தகைய பரப்பை எவ்வாறு உண்டாக்குவது? முறை வியப்புக்குரிய அளவுக்கு எளியது. இரண்டு வட்டத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடையே நீரும் சாணைப் பொடியும் இட்டு, முன்னும் பின்னும் தேய்த்து, இடையிடையே சுழற்றிக்கொண்டே இருந்தால், மேலுள்ளது குழியும், கீழுள்ளது புடைக்கும். எத்திசையில் நகர்த்தினாலும் ஒன்றோடொன்று முற்றிலும் பொருந்தி நிற்கக் கூடியவை கோளப் பரப்புகளே ஆதலால், அவை தாமே கோளவடிவம் பெறுகின்றன. பின்னர்ப் பொடியை மேன்மேலும் நுண்ணிதாக்கி, இறுதியில் கீல் என்னும் கரும்பசை பூசிய கருவியால் மெருகேற்றுவர்.

ஆனால், விண்மீனின் ஒளியை ஒரே புள்ளியில் குவிப்பதற்குக் கோளவடிவம் போதாது. பரவளைய வடிவம் வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. பாலொமர் ஆடியையே எடுத்துக்கொண்டால், நடுவில் இரண்டு வடிவங்களையும் பொருத்தி வைத்தாலும் விளிம்பில் தோன்றும் வேறுபாடு ஏறத்தாழ 0.14 மில்லிமீட்டர்தான். கோளம் தேய்ப்பினால் தானே வரும். பரவளையம் தானே வாராது. எவ்விடத்தில் எவ்வளவு தேய்ப்பது என்று அறிந்து தேய்க்க வேண்டும். தேய்ப்பது கை, எங்கே தேய்ப்பது என்று கைக்குச் சொல்வது சோதனை. ஆகவே சோதனை எவ்வளவு நுட்பமுடையதோ அவ்வளவு நுட்பமே ஆடிக்கும் வாய்க்கும். இக்கருத்தை மனத்திற்கொண்டு வரலாற்றைத் தொடர்வோம்.

1668-இல் ஐசக் நியூட்டன் தம் கையாலேயே ஒரு குழியாடித் தொலைநோக்கியைச் செய்தார். அதன் ஆடி ஏறத்தாழ 33 மில்லிமீட்டர் குறுக்களவே உடையது. அது கண்ணாடியால் ஆனதன்று. செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்ணிற உலோகத்தால் ஆனது. கேரளத்தின் ஆறன்முளைக் கண்ணாடியைக் கண்டவர்கள் அவ்வகை உலோகத்தின் பளபளப்பை அறிவார்கள். கீலைக்கொண்டு மெருகேற்றும் முறையையும் நியூட்டன் தம் ஒளியியல் நூலில் விரித்துரைத்தார். அவ்வாடியின் வடிவம் கோளமே. அத்துணைச் சிறிய ஆடிக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒரு நூற்றாண்டு கழிந்தபின், இங்கிலாந்தின் பாத் நகரில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் இசைக் கலைஞர் இத்துறையில் புகுந்தார். ஜெர்மானிய நாட்டினராகிய அவர் பகலில் இசை கற்பித்தார். இரவில் வானை ஆராய்ந்தார். இரண்டுக்கும் இடையே கிடைத்த நேரமெல்லாம் ஆடி தேய்த்தார். அவர் தங்கை கரோலின் எழுதிவைத்த நினைவுகளிலிருந்து அவ்வீட்டின் நிலையை நாம் அறிகிறோம். ஒருமுறை மெருகேற்றும் வேலையில் ஹெர்ஷல் 16 மணி நேரம் கையை எடுக்காமலே இருந்தார். கரோலின் அருகில் நின்று உணவைச் சிறிது சிறிதாக அவர் வாயில் ஊட்டினார். சலிப்புத் தோன்றாதிருக்கக் கதைகளைப் படித்துக் காட்டினார். இத்தகைய உழைப்பால் உருவான ஏறத்தாழ ஆறு அங்குல ஆடியைக் கொண்டுதான் 1781 மார்ச்சு 13-ஆம் நாள் அவர் யுரேனசைக் கண்டார். பண்டைக் காலந்தொட்டு மக்கள் அறிந்திருந்த கோள்களின் வரிசையில் புதியதொன்று சேர்ந்தது அப்பொழுதுதான்.

அதே ஆண்டில் மூன்றடி குறுக்களவுள்ள ஆடி ஒன்றை வீட்டின் அடித்தளத்திலேயே வார்க்க முயன்றார். முதல் வார்ப்பு ஆறும்பொழுது வெடித்தது. மறுமுறை, உருகிய உலோகம் கசிந்து தரையில் ஓடியது. தரைக் கற்கள் சூடேறி வெடித்து மேலே தெறித்தன. அங்கிருந்தோர் உயிர் தப்பி ஓடினர். ஆயினும் ஹெர்ஷல் முயற்சியைக் கைவிடவில்லை. 1789-இல் ஸ்லவ் என்னும் ஊரில் 48 அங்குல ஆடியுடன் கூடிய 40 அடித் தொலைநோக்கியை நிறுவினார். தாம் செய்த ஆடிகளை அவர் சோதித்த முறை யாது? குழலில் பொருத்தி விண்மீனைப் பார்ப்பதே. உரு தெளிவாக இல்லையெனில், மீண்டும் மெருகேற்றுவார், மீண்டும் பார்ப்பார். பிழை உண்டு என்பதை விண்மீன் சொல்லிற்று. எவ்விடத்தில், எவ்வளவு என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. எஞ்சியதைக் கையின் பழக்கமும் பொறுமையும் நிறைவுசெய்ய வேண்டியிருந்தது.

அயர்லாந்தின் பர் என்னும் ஊரில் ரோஸ் பிரபு 1845-இல் 72 அங்குல உலோக ஆடியைப் பயன்படுத்தத் தொடங்கினார். நெபுலாக்களுள் ஒன்று சுருள்வடிவம் உடையது என்று முதன்முதலாகக் காட்டியது அதுவே. ஆனால், உலோக ஆடிக்கு இரண்டு பெருங்குறைகள் இருந்தன. தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே அது திருப்பியனுப்பும். அன்றியும், ஈரக்காற்றுப் பட்டு நாளடைவில் மங்கிவிடும். மங்கினால் மீண்டும் மெருகேற்ற வேண்டும். மெருகேற்றினால் அரும்பாடுபட்டு உண்டாக்கிய வடிவம் கெடும். பளபளப்பைப் பெற வடிவத்தைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது.

இச்சிக்கலைத் தீர்த்தவர்களுள் தலையாயவர் பிரெஞ்சு அறிஞர் லெயோன் ஃபூக்கோ. ஊசலைத் தொங்கவிட்டுப் பூமி சுழல்வதைக் கண்முன் காட்டியவர் என்று மாணவர்கள் அவரை அறிந்திருப்பார்கள். கண்ணாடியின்மேல் வெள்ளியை மெல்லிய படலமாகப் படியவைக்கும் இரசாயன முறை அக்காலத்தில் வழக்குக்கு வந்தது. 1857-இல் ஃபூக்கோ அம்முறையைக் கையாண்டு, கண்ணாடியில் குழியாடி செய்து அதன் முகத்தில் வெள்ளி படியவைத்தார். நம் வீட்டுக் கண்ணாடியில் ரசம் பின்புறத்தில் இருக்கும். இங்கே வெள்ளி முன்புறத்தில் இருக்கிறது. அது மங்கினால் அமிலத்தால் கழுவிவிட்டுப் புதிதாகப் பூசலாம். கண்ணாடியின் வடிவத்துக்குச் சிறிதும் தீங்கு நேராது. வடிவம் கண்ணாடியின் பொறுப்பு, பளபளப்பு வெள்ளியின் பொறுப்பு என்று இரண்டும் பிரிந்தன.

அதனினும் பெரிய தொண்டு, 1850-களின் இறுதியில் அவர் கண்ட கத்தி விளிம்புச் சோதனை. கோள ஆடியின் வளைவு மையத்துக்கு அருகில் ஊசித்துளை போன்ற சிறிய ஒளியை வைத்தால், ஆடியில் பட்ட ஒளி திரும்பி வந்து மையத்தின் அருகிலேயே குவியும். குவியும் இடத்தில் ஒரு கத்தியின் விளிம்பை மெல்லக் குறுக்கே செலுத்தி, அதன் பின்னே கண்ணை வைத்து ஆடியை நோக்க வேண்டும். வடிவம் பழுதற்றதாயின் ஆடி முழுவதும் ஒரே நேரத்தில் இருளும். எங்கேனும் மேடோ பள்ளமோ இருந்தால், அங்கிருந்து வரும் ஒளி சற்று விலகிச் செல்லும். அவ்விடம் மட்டும் ஒளியாகவோ நிழலாகவோ தோன்றும். மாலை வெயிலில் மணல்மேடுகள் நிழலோடு தெரிவதுபோல், ஆடியின் குறைகள் யாவும் புடைத்துத் தெரியும். மயிரிழையின் நூற்றில் ஒரு பங்கினும் சிறிய குறையையும் அது காட்டிவிடும். பரவளைய ஆடிக்கு இச்சோதனையில் எத்தகைய நிழல் தோன்ற வேண்டும் என்பதையும் கணக்கிட்டு அறியலாம். ஒரு விளக்கு, ஒரு துளை, ஒரு கத்தி ஆகிய மூன்றே கருவிகள். இன்றும் பள்ளி மாணவர்கள் தாமே ஆடி தேய்க்க விரும்பினால் இச்சோதனையைச் செய்து பார்க்க இயலும்.

சோதனை கூர்மையடைந்ததும் ஆடிகள் வளர்ந்தன. கலிபோர்னியாவில் ஜார்ஜ் எல்லரி ஹேல் என்னும் வானியலறிஞர், மவுண்ட் வில்சன் மலையில் 1908-இல் 60 அங்குலத் தொலைநோக்கியையும், 1917-இல் 100 அங்குலத் தொலைநோக்கியையும் நிறுவினார். இரண்டாவதற்கான கண்ணாடிப் பாளம் பிரான்சில் வார்க்கப்பட்டது. 1908-இல் அது வந்து சேர்ந்தபொழுது உள்ளே குமிழிகள் மலிந்திருந்தன. மெருகேற்றும் பொறுப்பை ஏற்றிருந்த ரிட்சி அதனை ஏற்கத் தயங்கினார். வேறு பாளம் கிடைக்காமையால் இறுதியில் அதனையே தேய்க்க நேர்ந்தது.

1917 நவம்பர் முதல் நாள் இரவு, ஹேல் அதன் வழியே வியாழனைப் பார்த்தார். ஒரு வியாழனுக்குப் பதிலாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பல வியாழன்கள் தெரிந்தன! பல ஆண்டுகளின் உழைப்பு வீணாயிற்றோ என்று யாவரும் கலங்கினர். பகலில் வேலையாட்கள் கூரைக் கதவைத் திறந்துவைத்திருந்தார்கள் என்பது பின்னர் நினைவுக்கு வந்தது. வெயில் பட்ட கண்ணாடி சீரின்றி விரிந்து வடிவம் மாறியிருந்தது. விடியற்காலை மூன்று மணியளவில், ஆடி குளிர்ந்தபின் மீண்டும் வந்து விண்மீன் ஒன்றை நோக்கினர். அது கூரிய புள்ளியாக ஒளிர்ந்தது. அத்தொலைநோக்கியைக் கொண்டே 1923-இல் எட்வின் ஹப்பிள் ஆந்திரொமீடா நெபுலாவில் ஒளி மாறும் விண்மீனைக் கண்டு, அது நம் பால்வழிக்கு அப்பாலுள்ள தனி மண்டலம் என்று நிறுவினார். அந்த இரவு ஒரு பாடத்தையும் கற்பித்தது: எவ்வளவு செம்மையாகத் தேய்த்தாலும், வெப்பத்தால் விரியும் கண்ணாடி தன் வடிவத்தைக் காக்காது.

ஆகவே ஹேல் 200 அங்குல ஆடியைத் திட்டமிட்டபொழுது, வெப்பத்தால் மிகக் குறைவாக விரியும் பொருளைத் தேடினார். உருக்கிய படிகக்கல்லில் செய்யும் முயற்சி பெரும்பொருளை விழுங்கித் தோற்றது. பின்னர், சமையற் பாத்திரங்களுக்கும் சோதனைக் குழாய்களுக்கும் பயன்படும் பைரெக்சுக் கண்ணாடியில் செய்யும் பொறுப்பை நியூயார்க்கு மாநிலத்துக் கார்னிங் தொழிற்சாலை ஏற்றது. பளுவைக் குறைக்க, பின்புறம் தேனடைபோலக் குழிகள் அமையுமாறு அச்சு செய்தனர். 1934 மார்ச்சு 25-ஆம் நாள் முதல் வார்ப்பு நடந்தது. உருகிய கண்ணாடியின் வெப்பத்தால் அச்சின் உட்கட்டைகள் சில பெயர்ந்து மேலே மிதந்தன. டிசம்பர் 2-ஆம் நாள் மறுபடியும் வார்த்தனர். விரைவில் ஆறினால் வெடிக்கும் ஆதலால், பத்து மாத காலம் மின் உலையில் வைத்து மெல்ல மெல்லக் குளிரவைத்தனர். இடையே 1935 ஜூலையில் ஆற்று வெள்ளம் தொழிற்சாலையில் புகுந்து மின்சாரம் தடைப்பட்டது. நல்வினையாகப் பாளம் பழுதின்றித் தப்பியது.

1936-இல் 20 டன் எடையுள்ள அப்பாளத்தைத் தனியாக அமைத்த ரயில் வண்டியில் நிறுத்திவைத்து, இரண்டு வார காலம் மெதுவாக ஓட்டிப் பாசடீனா நகருக்குக் கொண்டுவந்தனர். அங்கே மார்க்கஸ் பிரவுன் என்பவரின் தலைமையில் தேய்க்கும் பணி தொடங்கிற்று. ஒரு துகள் புழுதி விழுந்தாலும் பரப்பில் கீறல் உண்டாகும் என்று, வேலை செய்தோர் வெள்ளுடையும் தனிக் காலணியும் அணிந்தே உள்ளே புகுந்தனர். தேய்த்துக் கழித்த கண்ணாடி மட்டும் ஏறத்தாழ ஐந்து டன். அதற்குச் செலவான சாணைப் பொடியும் மெருகுப் பொடியும் ஏறத்தாழ 31 டன். மெருகேற்றும்பொழுது ஆடி சூடேறும் ஆதலால், அது ஆறும்வரை காத்திருந்து, பிறகு அதனை நிமிர்த்தி நிறுத்தி, 110 அடி தொலைவிலிருந்து சோதிப்பார்கள். ஃபூக்கோவின் கத்திதான் அங்கும் நடுவராக இருந்தது. போரினால் இடையே சில ஆண்டுகள் பணி நின்றது. 1947 நவம்பரில் ஆடி பாலொமர் மலையேறியது. 1948 ஜூன் 3-ஆம் நாள் திறப்பு விழா நடந்தது. 1938-இலேயே மறைந்த ஹேல் அதனைக் காணவில்லை. அவர் பெயரே அத்தொலைநோக்கிக்குச் சூட்டப்பட்டது.

விழா முடிந்தும் வேலை முடியவில்லை. மலைமேல் விண்மீன்களைக் கொண்டு சோதித்தபொழுது, விளிம்புப் பகுதி இருக்க வேண்டிய அளவினும் மிகச் சிறிது உயர்ந்திருப்பது தெரிந்தது. பணிக்கூடத்தில் செய்த சோதனைகளுக்குப் பின் விண்மீன் அளித்த தீர்ப்பு அது. அதனைப் புறக்கணிக்கவில்லை. 1949-இல் டான் ஹெண்ட்ரிக்ஸ் என்பவர் சிறிது மெருகேற்றுவதும், ஆறவிடுவதும், மீண்டும் சோதிப்பதுமாக விளிம்பைச் சீர்செய்தார். சில இடங்களில் கைவிரலாலேயே தேய்த்தார் என்பர். அந்தப் பரப்பின்மேல் படிந்துள்ள அலுமினியத்தின் எடை ஏறத்தாழ ஐந்து கிராம்தான். அந்த ஐந்து கிராம் உலோகத்தைச் சரியான வடிவத்தில் தாங்கி நிற்பதற்காகவே பதினான்கரை டன் கண்ணாடியும் பதினொரு ஆண்டு உழைப்பும் செலவாயின.

இனி, இவ்வரலாற்றின் துயரமான ஓர் அத்தியாயத்துக்கு வருவோம். காற்று மண்டலத்துக்கு வெளியே ஒரு தொலைநோக்கியை நிறுத்தினால் விண்மீன்கள் மினுக்காமல் தெளிவாகத் தெரியும் அல்லவா? அந்நோக்கத்தோடு அமெரிக்கர் ஹப்பிள் பெயரால் ஒரு விண்வெளித் தொலைநோக்கியைச் செய்தனர். அதன் 2.4 மீட்டர் ஆடியைக் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள பெர்க்கின்–எல்மர் நிறுவனம் தேய்த்தது. 1981-இல் பணி நிறைவுற்றது. அதுவரை செய்த பேராடிகளுள் அதனைப்போல் வழவழப்பானது இல்லை என்று புகழப்பட்டது. 1990 ஏப்ரல் 24-ஆம் நாள் அது விண்ணில் ஏறிற்று. இரண்டே மாதங்களில் உண்மை வெளிப்பட்டது: உருக்கள் தெளிவாக இல்லை. விண்மீனின் ஒளியில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஒரு புள்ளியில் குவிய வேண்டியிருக்க, ஏறத்தாழ 15 விழுக்காடே குவிந்தது. எஞ்சியது சுற்றிலும் சிதறிற்று.

நேர்ந்தது என்ன? அந்த ஆடியைச் சோதிக்க, இரண்டு சிறிய ஆடிகளும் ஒரு லென்சும் கொண்ட தனிக் கருவியைச் செய்திருந்தனர். அதில் லென்சை உரிய தொலைவில் வைப்பதற்கு ஓர் அளவுகோலைப் பயன்படுத்தினர். அளக்கும் ஒளிக்கற்றை கோலின் நுனியில் பட வேண்டும். அதற்கு மாறாக, அந்த நுனியை மூடியிருந்த தொப்பியில் கருப்பு வண்ணம் உதிர்ந்திருந்த ஓரிடத்தில் பட்டுத் திரும்பிற்று. அதனால் லென்சு 1.3 மில்லிமீட்டர் இடம் பிசகி அமைந்தது. பிழைபட்ட அக்கருவி, பிழைபட்ட வடிவத்தையே சரியானது என்று சொல்லிக்கொண்டிருந்தது. தொழிலாளிகள் அதன் சொல்லுக்கு அணுவளவும் வழுவாமல் தேய்த்தார்கள். விளிம்பில் ஆடி 2.2 மைக்ரான் மிகுதியாகத் தட்டையாயிற்று. அது மயிரிழையின் ஐம்பதில் ஒரு பங்கு அளவே. ஆனால், அந்த ஆடிக்கு அனுமதித்திருந்த பிழையோடு ஒப்பிட்டால் மிகப் பெரிது.

எச்சரிக்கை கிடைக்காமல் இருந்ததா என்றால், கிடைத்தது. அங்கே வேறு இரண்டு சோதனைக் கருவிகளும் இருந்தன. இரண்டும் ஏதோ தவறு உண்டு என்று காட்டின. ஆனால், அவை முதற் கருவியைப்போல் நுட்பமானவை அல்ல என்று கூறி, அவற்றின் சான்றை ஒதுக்கிவிட்டார்கள். காலமும் பணமும் நெருக்கிக்கொண்டிருந்தன. ஆடிகளை இணைத்து முழுத் தொலைநோக்கியையும் தரையிலேயே சோதித்துப் பார்க்கவும் இல்லை. ஃபூக்கோவின் எளிய கத்தியே காட்டிக்கொடுத்திருக்கக் கூடிய அளவுக்குப் பெரிய பிழை ஒன்பது ஆண்டுகள் மறைந்து கிடந்தது. இதற்கிடையே, மாற்றாக மற்றொரு நிறுவனம் செய்துவைத்த சரியான வடிவமுள்ள ஆடி விண்ணுக்குச் செல்லவில்லை. அது இன்று வாஷிங்டனில் பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது.

மாணவ நண்பர்களே, பல்லாண்டுகள் வகுப்பறையில் கணக்குப் பாடம் சொன்னவன் என்ற முறையில் இங்கே ஒன்று கூற விரும்புகிறேன். விடை வந்ததும் அதே வழியில் மீண்டும் போட்டுப் பார்ப்பதே சரிபார்த்தல் என்று மாணவர் பலர் கருதுகின்றனர். அதே வழியில் சென்றால் அதே குழியில்தான் மீண்டும் விழுவோம். மேலிருந்து கீழே கூட்டினால், கீழிருந்து மேலே கூட்டிப் பார்க்க வேண்டும். வகுத்து வந்த ஈவைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு விடைகளும் வேறுபட்டால், நமக்குப் பிடித்த விடையை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுதல் கூடாது. வேறுபாட்டுக்குக் காரணம் தெரியும்வரை மேலே செல்லுதல் கூடாது. ஹப்பிள் ஆடியில் நேர்ந்த தவறு பெரிய கணிதத்தில் நேர்ந்ததன்று. இந்தச் சிறிய விதியை மறந்ததால் நேர்ந்தது.

நல்ல வேளையாக அக்கதை துயரத்தோடு முடியவில்லை. ஆடி தவறான வடிவத்தைப் பெற்றிருந்தாலும் அத்தவறு மிக ஒழுங்கானது. ஆகவே அதனைத் துல்லியமாகக் கணக்கிட முடிந்தது. அதற்கு நேர்மாறான வளைவுடைய, நாணயம் அளவேயான சிறு ஆடிகளைச் செய்தனர். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று, ஐந்து முறை வெளியே வந்து பணிசெய்து, அவற்றையும் பிழைதிருத்தம் அமைந்த புதிய ஒளிப்படக் கருவியையும் பொருத்தினார்கள். குருட்டுக் கண்ணுக்கு மூக்குக் கண்ணாடி மாட்டியதுபோல் ஹப்பிள் தெளிவு பெற்றது. அதன்பின் அது அனுப்பிய படங்களை நீங்கள் உங்கள் பாட நூல்களிலேயே பார்த்திருப்பீர்கள்.

ஆடிகள் மேன்மேலும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. ஹவாய்த் தீவில் 1993-இல் பணி தொடங்கிய முதற் கெக் தொலைநோக்கியின் 10 மீட்டர் ஆடி, 36 அறுகோணத் துண்டுகளால் ஆனது. சிலி நாட்டில் எழுந்துகொண்டிருக்கும் 39 மீட்டர் ஐரோப்பியத் தொலைநோக்கிக்கு 798 துண்டுகள். அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் உலையையே சுழற்றி 8.4 மீட்டர் ஆடிகளை வார்க்கிறார்கள். சுழலும்பொழுது உருகிய கண்ணாடி தானே குழிந்து பரவளையமாகிறது. அங்கே மாபெரும் மெகெல்லன் தொலைநோக்கிக்காகச் செய்யும் ஆடிகளை ஒரே முறையால் சோதித்து அமைவதில்லை. ஒன்றையொன்று சாராத பல முறைகளால் சோதிக்கிறார்கள். ஹப்பிள் கற்பித்த பாடம் வீண்போகவில்லை.

இக்கலை நம் நாட்டுக்கும் புதிதன்று. ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1986 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடியை, பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கூடத்திலேயே தேய்த்து மெருகேற்றினார்கள். அதற்காகப் பெரிதும் உழைத்த பாப்பு, ஹேலைப்போலவே, அது நிறைவுறுமுன் 1982-இல் மறைந்தார். வாய்ப்புக் கிடைக்கும்பொழுது காவலூருக்குச் சென்று அதனைப் பாருங்கள்.

நியூட்டனின் சிறு உலோகத் துண்டிலிருந்து இன்றைய 39 மீட்டர்ப் பேராடிவரை, உலைகளும் பொடிகளும் எந்திரங்களும் எவ்வளவோ மாறிவிட்டன. மாறாதது ஒன்று உண்டு. தான் செய்ததைத் தானே நம்பிவிடாமல், விளக்கின் முன்னும் கத்தியின் முன்னும் விண்மீனின் முன்னும் கொண்டுபோய் நிறுத்தி, அவை சொல்லும் குறையைப் பணிவோடு கேட்டுக்கொள்பவனே நல்ல ஆடியைச் செய்கிறான். அளவுகோலால் உலகை அளக்கும் நாம், அந்த அளவுகோலையும் மற்றொன்றால் அளந்து பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அறிவியல் பயிலும் இளைஞர்கள் இப்பழக்கத்தைத் தம் ஏட்டுக் கணக்கிலிருந்தே தொடங்குவார்களாக.